பொடிசுக்கு விடுமுறை

டிசம்பர் 19

மாண்புமிகு அம்மாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுக் குளியலறைக் குழாய் இன்று காலை முதல் சொட்டுவதை நிறுத்திக்கொண்டது. துணையை இழந்து வாடும் வாளிக்கு எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள். பழுது பார்த்தவர் அப்பா. லிஃப்ட் மெக்கானிக் குழாயைத் தொடலாமா என்று கேட்டேன். "மேலயிருந்து கீழ வர்றது எதுவா இருந்தாலும் என் டிபார்ட்மென்ட்டுடா" என்றார்.

நீ கிளம்பிய வேகத்தில் பாதி மறந்திருப்பாய். ஆகவே வருங்கால வரலாற்று ஆசிரியர்களையும் மனதில் வைத்து நடந்ததைப் பதிவு செய்கிறேன். பொடிசு என்னும் என் தங்கைக்கு வயது ஐந்து. கையிருப்பில் உள்ள சொல் ஒன்றே ஒன்று: "தா." அந்த ஒற்றைச் சொல்லுக்காக நீ இரண்டு வருஷம் தெரபி மையத்தின் படியேறினாய். போன வாரம் அதே படியில் மயங்கி விழுந்தாய். டாக்டர் உனக்கு எழுதிய ஒரே மருந்து தூக்கம். அதற்குள் ஆண்டுக் கடைசி என்று மையத்தையும் மூடிவிட்டார்கள். தெரபி டீச்சர் என்ன சொன்னார்? "இந்த ரெண்டு வாரம் எந்தப் பயிற்சியும் வேண்டாம். வீடு வீடா இருக்கட்டும். நீங்க தூங்குங்க. தூங்கி எழுந்து அடுத்த வருஷத்துக்கு மூணே மூணு இலக்கு யோசிங்க. குழந்தைக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணு, உங்களுக்கு ஒண்ணு. உங்களோடதுல குழந்தை பேரே வரக்கூடாது."

அதனால் நீ பெரியம்மா வீட்டில். நாங்கள் இங்கே. போன் பேசத் தடை. உன் குரல் கேட்டதும் பொடிசு போனுக்குப் பின்னால் தேடினாள், அப்புறம் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தேடினாள், அப்புறம் வாசல் கதவில் தலையை முட்டிக்கொண்டாள். ஆகவே தபால்தான். பெரியப்பா ஒரு நாள் விட்டு ஒரு நாள் பஸ் ஓட்டி இங்கே வருகிறார், மறுநாள் அங்கே திரும்புகிறார். டிரைவர் சீட்டுக்கு மேலே நம் அஞ்சலகம்.

வீடு சுத்தம். சமையல்தான் சுத்தமாக இல்லை. ரொட்டியும் முட்டையும் மாறி மாறி வருகின்றன. மற்றபடி எங்களுக்கு உன் தேவையே இல்லை. நிம்மதியாகத் தூங்கு.

வாய் ஓயாத உன் மூத்த வாரிசு,
ரேடியோ

டிசம்பர் 20

கண்ணு,

குழாய்க்கதை எல்லாம் இருக்கட்டும். பொடிசு என்ன சாப்பிட்டாள்? ராத்திரி எழுந்தாளா? என்னைத் தேடினாளா? தேடினாள் என்றால் மறைக்காமல் எழுது. தேடவில்லை என்றாலும் எழுது.

பெரியம்மா என்னை மாடி அறையில் படுக்கவைத்துத் திரையை இழுத்துவிட்டாள். சமையலறைப் பக்கம் போனால் "இங்க என்ன வேலை உனக்கு?" என்று விரட்டுகிறாள். பகல் முழுக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறேன். கண் மூடினால் அந்தப் படிதான் வருகிறது.

ஒன்று சொல்கிறேன், உன் மனசோடு வைத்துக்கொள். டீச்சர் பயிற்சி வேண்டாம் என்றார், சரி. அவருக்கென்ன, பூட்டிக்கொண்டு போய்விட்டார். ஒரு "தா" வருவதற்கு இரண்டு வருஷம் ஆயிற்று. சும்மா விட்டால் அதுவும் போய்விடாதா? கண்ணாடிப் பயிற்சியை மட்டும் நீ தினமும் செய். அவளை மடியில் உட்காரவைத்து, உதட்டில் கொஞ்சம் இனிப்புக் கிரீம் தடவி, கண்ணாடியைப் பார்த்து "பா" சொல்லவை. அப்பாவிடம் சொல்லாதே. டீச்சர் கிழித்த கோட்டை அவர் தாண்டமாட்டார்.

இன்னொன்று. எங்கள் பல் ஆஸ்பத்திரி டாக்டர் இந்த மாதக் கடைசிக்குள் பதில் கேட்டிருக்கிறார். எக்ஸ்ரே எடுக்கும் பயிற்சிக்கு என்னை அனுப்புகிறாராம். இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பாராம். நான் வேலையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கிறேன். முழு நேரமும் நானே பொடிசோடு உட்கார்ந்தால் இன்னும் நாலு சொல் வராதா?

உனக்குத் தொந்தரவு கொடுக்கிறேன். தெரிகிறது.

அம்மா

டிசம்பர் 22

அம்மா,

ஊரார் வாயையெல்லாம் "ஆ" காட்டச் சொல்லித் திறக்கவைப்பவள் நீ. நம் வீட்டில் ஒரு வாய் திறக்க மறுத்தால் அது உன் கௌரவப் பிரச்சினை. புரிகிறது. பொறுப்பை ஏற்றுக்கொண்டேன்.

நேற்று மாலை அப்பா வேலையிலிருந்து வருவதற்குள் முதல் வகுப்பு. மாணவர் வருகை நூறு சதவீதம். ஆசிரியர் உற்சாகம் இருநூறு. கிரீமை உதட்டில் தடவினேன், மாணவி அதை நக்கிவிட்டார். மறுபடி தடவினேன், மறுபடி நக்கிவிட்டார். பாட்டில் பாதி காலி, பாடம் பாக்கி. ஆனால் எனக்கு ஒரு வழி தெரிந்துவிட்டது. அதை இப்போது சொல்லமாட்டேன், தொழில் ரகசியம்.

என் இலக்கு கேள். நீ பஸ்ஸிலிருந்து இறங்கும்போது பொடிசு "பா"வும் சொல்வாள், "மா"வும் சொல்வாள், முடிந்தால் உன்னைப் பார்த்து "டிக்கெட்" என்றும் கேட்பாள். டீச்சர் இரண்டு வருஷத்தில் செய்ததை ரேடியோ இரண்டு வாரத்தில் செய்தான் என்று மைய வாசலில் பலகை வைப்பார்கள்.

டீச்சர் கேட்டது இலக்கு. நீ யோசிப்பது விலக்கு. வேலையை விடுவதைப் பற்றி இப்போது எதுவும் பேசாதே.

பொடிசு நன்றாகச் சாப்பிடுகிறாள். இப்போது சாப்பாட்டு மேஜைக்கு அடியில் உட்கார்ந்து விளையாடுவது அவளுக்குப் பிடித்திருக்கிறது.

ரேடியோ

டிசம்பர் 23

கண்ணு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துவிட்டேன். கிரீம் வருகிறது, பலகை வருகிறது, டிக்கெட் வருகிறது. "தா" எங்கே? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

மேஜைக்கு அடியில் உட்காருகிறாள் என்று எழுதியிருக்கிறாய். அவள் எப்போது அங்கே போவாள் என்று எனக்குத் தெரியாதா? மிக்சி சத்தம் வந்தால் போவாள். யாராவது கத்தினால் போவாள். யார் கத்தியது?

பெரியம்மா "உன் மூணு இலக்கு என்னாச்சுடி?" என்று கேட்டாள். எழுத உட்கார்ந்தேன். பொடிசுக்கு என்று ஆரம்பித்ததில் பக்கம் நிறைந்துவிட்டது. பல் துலக்க வேண்டும், செருப்பு மாட்ட வேண்டும், பெயர் சொன்னால் திரும்ப வேண்டும். எனக்கு என்று வந்தபோது பேனா நகரவில்லை. பெரியம்மா பார்த்துவிட்டு, "உனக்குன்னு ஒண்ணுமேவா இல்ல?" என்றாள். கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது.

இங்கே படுத்திருந்து ஒரு பயனும் இல்லை. பையை எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த பஸ்ஸில் நானே வருகிறேன்.

அம்மா

டிசம்பர் 24

அவசரம்! அவசரம்! வராதே!

அம்மா, நீ என்ன துப்பறியும் நிபுணரா? மேஜைக்கு அடியில் உட்கார்ந்தால் மேஜைக்கு அடியில் உட்கார்ந்தாள் என்று அர்த்தம். யாரும் கத்தவில்லை. மிக்சிதான் கத்தியது. அப்பா வாழைப்பழ ஜூஸ் போட்டார், மூடியை மறந்தார், இப்போது கூரையில் வாழைப்பழம் காய்த்திருக்கிறது.

"தா"வைப் பற்றிக் கேட்டாய். தினமும் நடப்பதைச் செய்தியாக எழுதுவார்களா? சூரியன் உதித்தது என்று எந்தப் பேப்பரில் போடுகிறார்கள்? பொடிசு காலையில் "தா" என்கிறாள், மாலையில் "தா" என்கிறாள், என் கையிலிருக்கும் பிஸ்கட்டைப் பார்த்தால் இரண்டு தடவை "தா" என்கிறாள். காது வலிக்கிறது. போதுமா?

நீ இப்போது வந்தால் நாலு நாள் நன்றாக இருப்பாய், ஐந்தாம் நாள் மறுபடி படியில் உட்காருவாய். உட்கார்ந்தால் பரவாயில்லை. நீ உட்காரமாட்டாய், விழுவாய். தூக்குவதற்கு நான் ஒன்றும் லிஃப்ட் இல்லை.

எல்லாம் என் கட்டுப்பாட்டில். பையைப் பிரித்து வை.

ரேடியோ

டிசம்பர் 26

அடேய்,

நேற்று காலை பையோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். உன் பெரியப்பா படியில் கால் வைக்கவிடவில்லை. "சீட் இல்லம்மா" என்கிறார். பின்னால் பாதி பஸ் காலி. "அதெல்லாம் என்ன?" என்றேன். "ரிசர்வ்." "யாருக்கு?" "அது தெரியாது. மேலிடத்து உத்தரவு." மேலிடம் யார் என்று எனக்குத் தெரியாதா? மீசைகூட முளைக்காத மேலிடம்.

வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே உன் கடிதத்தை மட்டும் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்தார். முந்தின நாள் ராத்திரியே கொண்டுவந்தவர் அதுவரை கண்ணிலேயே காட்டவில்லை. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். காலையில் "தா", மாலையில் "தா", பிஸ்கட்டுக்கு இரண்டு "தா". அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். உடம்பில் ஏதோ அவிழ்ந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து மத்தியானம் படுத்தவள் இன்று காலையில்தான் எழுந்தேன். எழுந்து, பல் துலக்கி, காப்பி குடித்து, பெரியம்மாவோடு செடிக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் பொடிசு ஞாபகமே வந்தது. அது வரை அவளை நினைக்கவே இல்லை. குழாயைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். எப்படி முடிந்தது என்னால்? பயமாக இருக்கிறது. நல்ல தூக்கம் என்பதும் உண்மை.

ஒரு முடிவுக்கும் வந்துவிட்டேன். பள்ளிக்கூடம் போகிற பையன் நீ, சில நாளில் இவ்வளவு செய்ய முடிகிறதென்றால், நான் முழு நேரமும் உட்கார்ந்தால் எவ்வளவு வரும்! வேலையை விடுகிறேன். அடுத்த பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸில் டாக்டருக்கு ஒரு கவர் வரும். நீயே கொண்டுபோய் அவர் கையில் கொடு. மாதக் கடைசிக்குள் சேர வேண்டும்.

நீ நல்ல பையன். எப்போதும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

அம்மா

டிசம்பர் 28

அம்மா,

அந்தக் கவரை அனுப்பாதே. மீதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, அனுப்பாதே.

"தா" இல்லை. நான் எழுதியது பொய். காலையிலும் இல்லை, மாலையிலும் இல்லை, பிஸ்கட்டுக்கும் இல்லை. கிரீம் கதை எழுதிய அன்று காலையே எடுத்த என் இரண்டாவது வகுப்போடு அது நின்றுவிட்டது. என் தொழில் ரகசியம் என்ன தெரியுமா? பிஸ்கட்டைக் காட்டுவது, "பா" சொல்லும் வரை கொடுக்காமல் இருப்பது. முதலில் அவள் "தா" என்றாள். தெளிவாகத்தான் சொன்னாள். நான் "தா பழைய பாடம், பா சொல்லு, பா!" என்றேன். மறுபடி "தா" என்றாள். கொடுக்கவில்லை. கொஞ்சம் சத்தமாகக்கூடப் பேசினேன். அன்றைக்குத்தான் மேஜைக்கு அடியில் போனாள். அதற்கப்புறம் கண்ணாடியைக் கையில் எடுத்தாலே போய்விடுவாள். வாயை இரண்டு கையாலும் மூடிக்கொள்வாள்.

இதை அப்பாவிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். மூன்று நாளைக்கு முன்னால் காலையில் சீக்கிரம் விழித்துவிட்டேன். சமையலறையில் அப்பா. எதிரே பொடிசு. அப்பா கையில் வாழைப்பழம், மேஜையில் படம் போட்ட அட்டைகள். "தா சொல்லும்மா. ஒரே ஒரு தா. அப்பாவுக்காக" என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். அவரும் திருட்டுப் பயிற்சி! டீச்சர் கிழித்த கோட்டைத் தாண்டாதவர் தினமும் விடிந்ததும் தாண்டியிருக்கிறார். "உங்கம்மாகிட்ட சொல்லிடாதடா" என்றார். "அம்மா உங்ககிட்ட சொல்லிடாதேன்னாங்க" என்றேன்.

கணக்குப் போட்டுப் பார் அம்மா. மையத்தில் அவளுக்கு வாரத்தில் இரண்டு வகுப்பு. விடுமுறையில் ஒரு நாளைக்கு இரண்டு வகுப்பு. பள்ளிக்கூடம் மூடியதும் வாத்தியார்கள் வீட்டுக்கே குடிவந்தால் எனக்கு எப்படி இருக்கும்? நான் மேஜைக்கு அடியில் போயிருக்கமாட்டேன், ஊரைவிட்டே போயிருப்பேன்.

அப்பா பழத்தை உரித்து அவள் கையில் கொடுத்தார். ஒன்றும் கேட்கவில்லை. அப்புறம், "பட்டனைப் பத்து தடவை அமுக்கினா லிஃப்ட் சீக்கிரம் வந்துடாதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றேன். வீட்டுக்கு வந்து அதையேதான்டா அமுக்கிட்டிருக்கேன்" என்றார். சொல்லிவிட்டு முகம் கழுவப் போனார். வெகு நேரம் கழுவினார்.

அன்றிலிருந்து யாரும் எதுவும் செய்யவில்லை. கண்ணாடியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டோம். கூடத்தில் மெத்தையைப் போட்டு மூன்று பேரும் உருண்டுகொண்டிருக்கிறோம். அப்பா பட்டப்பகலில் குறட்டை விடுகிறார்.

இதையும் சொல்லிவிடுகிறேன், இது பொய் இல்லை, அப்பா சாட்சி. நேற்று வெளியே கிளம்பினேன், என் ஒரு ஷூவைக் காணோம். கட்டிலுக்கு அடியில் தேடினேன், வாளியில் தேடினேன். பொடிசு ஃப்ரிட்ஜ் பக்கத்தில் நின்று என்னைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள், ஃப்ரிட்ஜைப் பார்த்தாள். உடம்பெல்லாம் குலுங்குகிறது அவளுக்கு. திறந்தால் முட்டைத் தட்டுக்குக் கீழே ஷூ! நான் "ஐயோ!" என்று விழுந்தேன். அவள் சிரித்த சிரிப்பு நீ கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. உடனே இன்னொரு ஷூவையும் எடுத்துக்கொண்டு ஃப்ரிட்ஜுக்கு ஓடினாள்.

டீச்சர் சொல்வாரே, "ஒரு பொருளையும் ஒரு ஆளையும் மாத்தி மாத்திப் பார்க்கணும், அதுதான் பேச்சுக்கு முன்னாடி வர்ற பேச்சு" என்று. அதுதானா இது? எனக்குத் தெரியாது. நான் டீச்சர் இல்லை. அது நன்றாகத் தெரிந்துவிட்டது.

ஆனால் "தா" இன்னும் வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை. என் பொய்யை நம்பி நீ வேலையை விட்டால் நான் என்ன செய்வேன்? உன் தூக்கத்தைக் கெடுத்துவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுதக் கை கூசுகிறது.

ரேடியோ

டிசம்பர் 29

டேய்,

படித்ததும் கையில் கிடைத்த தலையணையைச் சுவரில் எறிந்தேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் குறி தப்பியிருக்காது. அந்தத் "தா"வை நான் நெஞ்சில் வைத்துக்கொண்டு தூங்கினேனடா. அது இல்லை என்று ஒரு வரியில் எழுதுகிறாய்.

பெரியம்மா ஓடி வந்தாள். கடிதத்தை அவளே வாங்கிப் படித்தாள். ஷூ வரும் இடத்தில் அவள் சிரித்தாள். நான் முறைத்தேன். அவள் சத்தமாக மறுபடி வாசித்தாள். அப்போது நானும் சிரித்துவிட்டேன். அழுதுகொண்டும் இருந்தேன்.

உன்னைத் திட்ட எனக்கு வாய் இல்லை. கிரீம் தடவச் சொன்னது நான். அப்பாவிடம் மறைக்கச் சொன்னதும் நான். உனக்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்துவிட்டு உண்மை எங்கே என்று கேட்கிறேன். பிஸ்கட்டைக் கொடுக்காமல் இருந்தாய் என்றாய். நானும் அதைச் செய்திருக்கிறேன் கண்ணு. பால் டம்ளரை வைத்துக்கொண்டு ஆறும் வரை காத்திருந்திருக்கிறேன்.

"தா" போய்விட்டது என்று தெரிந்த பிறகு எனக்குத் தூக்கமே வராது என்று நினைத்தேன். வந்தது. அது சரியா தப்பா என்று யோசிப்பதற்குள் வந்துவிட்டது. பயம் அப்படியேதான் இருக்கிறது. மையம் திறக்கிற அன்று டீச்சர் முகத்தை எப்படிப் பார்ப்பது, நாம்தான் கெடுத்தோம் என்று எப்படிச் சொல்வது என்று இப்போதே யோசிக்கிறேன். ஆனாலும் நானே சொல்வேன்.

கவரைக் கிழித்துவிட்டேன். இதோடு டாக்டருக்கு வேறு கவர் இருக்கிறது, எக்ஸ்ரே பயிற்சிக்கு வருகிறேன் என்று எழுதியிருக்கிறேன். அதைக் கொண்டுபோய்க் கொடு. பல்லுக்குள் இருக்கிறதைப் படத்தில் பார்க்க எனக்கு ரொம்ப நாளாக ஆசை. இரண்டு தடவை கேட்டு இரண்டு தடவையும் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கான இலக்கு இதுதான். பொடிசு பெயர் வரவில்லை பார்.

வீட்டுக்கு: வாரத்தில் ஒரு நாள் யாரும் யாருக்கும் எதையும் சொல்லிக்கொடுக்கக் கூடாது. பொடிசுக்கு ஒரு பக்கம் எழுதியிருந்தேன், எல்லாவற்றையும் அடித்துவிட்டேன். அவள் ஒளித்துவைக்க வேண்டும், நாம் தேட வேண்டும். அது போதும். பெரியம்மா "இது இலக்கா, விளையாட்டா?" என்றாள். டீச்சரிடம் கேட்க வேண்டும்.

இரண்டாம் தேதி வரை இங்கேயே இருக்கிறேன். பை அலமாரியில்.

எல்லாக் கடிதத்தையும் இன்று வரிசையாக வைத்துப் பார்த்தேன். வாளி எப்படி இருக்கிறது, கூரை எப்படி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நீ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வரி இல்லை. நானும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். நீ எப்படி இருக்கிறாய்?

அம்மா

டிசம்பர் 30

அம்மா,

கவரை டாக்டர் கையில் கொடுத்தாயிற்று. "உங்கம்மா இனி எலும்பு வரைக்கும் பார்ப்பாங்க, ஜாக்கிரதை" என்றார். கூடவே, என் வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கடைவாயில் ஒரு சொத்தை என்றார். அதிகம் பேசினால் பல் தேயுமா என்று கேட்டேன். "உனக்குத் தேயலாம்" என்றார்.

பொடிசு இன்று அப்பாவின் ஸ்பேனரை ஒளித்தாள். அப்பா வேலைக்குப் போய்ப் பையைத் திறந்தால் உள்ளே என் சீப்பு. லிஃப்டுக்குத் தலைவாரிவிட்டு வந்தாராம். "தா" பற்றிக் கேட்காதே. வந்தால் எழுதுகிறேன். வராவிட்டாலும் எழுதுகிறேன்.

நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்டாய். நன்றாக இருக்கிறேன் என்று எழுதினேன், அடித்தேன். பிரமாதமாக இருக்கிறேன் என்று எழுதினேன், அதையும் அடித்தேன். இந்தத் தாளே அடிவாங்கிய மாதிரி இருப்பதற்குக் காரணம் அதுதான்.

எங்களுக்கு உன் தேவையே இல்லை என்று முதல் கடிதத்தில் எழுதியது நான். அதை எழுதி முடித்துப் பேனாவை மூடுவதற்குள்ளேயே வயிற்றில் என்னமோ செய்தது. முட்டை சரியாக வேகவில்லை போல என்று நினைத்துக்கொண்டேன்.

மீதியையும் சொல்லிவிடுகிறேன். படித்ததும் மறந்துவிட வேண்டும், பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டக் கூடாது, முக்கியமாகச் சத்தமாக. உனக்குச் சீட் இல்லை என்று சொல்லும்படி பெரியப்பாவின் கையைப் பிடித்துக் கெஞ்சியவன் நான்தான். மறுநாள் சாயங்காலம் அந்த பஸ் வந்து நின்றபோது, அவரை எப்படியாவது ஏமாற்றிவிட்டு நீ ஏறி வந்திருக்கமாட்டாயா என்று கடைசி ஆள் இறங்கும் வரை படியையே பார்த்துக்கொண்டு நின்றவனும் நான்தான்.

ரேடியோ